‘தாலிபான் வகுப்பு’: தருமபுரிப் பயிற்சி நிலையம் ஒன்றில் நான்கு ஞாயிறுகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு ரோட்டிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் பத்து நிமிடத்திற்குள் ஒரு மாடிப்படியும், அதன் பக்கச் சுவரில் சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்றவர்களின் படங்களும் கண்ணில் படும். ஆனால் வெளியுறவுக் கொள்கையில் ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் 12 மணி நேரம் ஒதுக்கிய வகுப்பை இந்த ஊரில் இதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. ‘ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சியும் இந்தியாவின் அணுகுமுறையும்’ என்பது தலைப்பு. 2025 நவம்பர் மாதத்தின் முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், பிற்பகல் 3 மணி முதல் 6 மணி வரை நடந்தது. கட்டணம் 1,200 ரூபாய். 46 பக்கக் குறிப்பேடும், நான்கு விரிவான விடைகளைத் திருத்தித் தருவதும் அதில் அடக்கம். பாலக்கோடு பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து நான்கு வாரமும் தவறாமல் போய் வந்தேன். வீட்டில் இதற்குத் ‘தாலிபான் வகுப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் திரும்பி வரும் பேருந்தில் தொலைபேசியை எடுத்து, “ஆமாம்மா, தாலிபான் கிளாஸ் முடிஞ்சு வந்துட்டிருக்கேன்” என்று நான் சொன்னபோது முன் இருக்கைப் பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற சிறிய இடம் அது. குறைகளையும் சொல்ல இருப்பதால், பெயரைப் போட்டு எழுதுவது அவர்கள் பிழைப்பில் கை வைப்பதாக ஆகிவிடும். வகுப்பின் தலைப்பைச் சொல்லி ஊரில் விசாரித்தாலே தேடுகிறவர்களுக்கு இடம் தெரிந்துவிடும்.

இது யாருக்கான வகுப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு மட்டும் தயாராகிறவர்கள் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில், அண்டை நாடுகளுடனான உறவு பற்றி 150 சொற்களிலும் 250 சொற்களிலும் எழுத வேண்டிய வினாக்களுக்குத் தடுமாறுகிறவர்களுக்கே இது பயன்படும். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். செய்திகளை நாள்தோறும் படித்தும், ‘இந்தியா தாலிபானை அங்கீகரித்துவிட்டதா, இல்லையா’ என்ற எளிய கேள்விக்கு நான்கு வரி நேராக எழுத முடியாமல் இருந்தவள்.

வகுப்பெடுத்தவர் அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். தருமபுரிக்காரர் என்பதால் ஔவையாரிலிருந்துதான் தொடங்கினார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் ஔவையைத் தூதனுப்பிய கதையைக் கேட்காமல் இந்த மாவட்டத்தில் எவரும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. எனவே முதல் பத்து நிமிடம் பலரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. “தொண்டைமான் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டினான். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்லவில்லை என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா?” என்றார். போருக்கு வராதே என்றும் சொல்லவில்லை, உன் படை வலியது என்றும் சொல்லவில்லை. நெய் பூசி மாலை சூட்டிய அவன் ஆயுதங்களின் அழகையும், அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் மட்டும் சொன்னார். தூதில் சொல்லாமல் விட்டதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதே அவருடைய கருத்து. இதை அவர் ஓர் அலங்காரத் தொடக்கமாகச் சொல்லிவிட்டு நகரவில்லை. அடுத்த மூன்று வாரங்களும் உண்மையிலேயே அப்படித்தான் பாடம் நடத்தினார்.

முதல் வாரம் முழுவதும் பழைய வரலாறு. 1996 முதல் 2001 வரையிலான முதல் தாலிபான் ஆட்சியைப் பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகள் மட்டும் அங்கீகரித்ததும், இந்தியா தன் காபூல் தூதரகத்தை மூடிவிட்டு, தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணிக்குத் துணை நின்றதும் விரைவாகச் சொல்லப்பட்டன. 1999 டிசம்பரில் கடத்தப்பட்டு, தாலிபான் வசமிருந்த காந்தகாரில் நிறுத்தப்பட்ட ஐசி-814 இந்திய விமானத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங், விடுவிக்கப்பட்ட மூன்று பயங்கரவாதிகளுடன் காந்தகாருக்கே போக வேண்டி வந்தது. அந்த ஊரை ஆண்டவர்களுடன் பேசுவதற்கு நம்மிடம் அன்று ஒரு தொலைபேசி எண் கூட முறையாக இருந்ததில்லை என்று அவர் சொன்னபோது அறை அமைதியாயிற்று. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மீண்டும் தாலிபான் கைக்குப் போனபோது, தூதரக அலுவலர்களை இரண்டே நாளில் விமானப்படை விமானத்தில் அழைத்து வந்த அதே அரசு, அந்த மாதம் முடிவதற்குள் கத்தார் தலைநகர் தோஹாவில் தாலிபானுடன் பேசத் தொடங்கியதற்குக் காந்தகார் நினைவும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். இதை நான் ஏற்கிறேன். ஆனால் முதல் வாரத்தில் புதிதாகக் கிடைத்தது இவ்வளவுதான். மற்றவை எந்தப் பாடநூலிலும் கிடைப்பவையே.

இரண்டாம் வாரத்துக்கு மட்டும் தனியாக 1,200 ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அன்று அவர் கரும்பலகையில் மூன்று தேதிகளை எழுதினார்: 2021 ஆகஸ்ட் 31, 2025 மே 15, 2025 அக்டோபர் 10. முதலாவது, கத்தாரில் இந்தியத் தூதராக இருந்த தீபக் மிட்டல், தாலிபான் தலைவர்களில் ஒருவரான ஷேர் முகமது அப்பாஸ் ஸ்டானிக்சாயைச் சந்தித்த நாள். இரண்டாவது, பஹல்காம் தாக்குதலைக் காபூல் கண்டித்ததற்குப் பிறகு, நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், தாலிபான் தரப்பில் வெளியுறவைக் கவனிக்கும் அமீர் கான் முத்தாகியுடன் தொலைபேசியில் பேசிய நாள். மூன்றாவது, முத்தாகி தில்லிக்கே வந்து ஜெய்சங்கரைச் சந்தித்த நாள். இந்த மூன்று நாள்களிலும் இந்தியத் தரப்பு எதிரில் இருந்தவரை எப்படிக் குறிப்பிட்டது என்பதை மட்டும் எங்களைப் பார்க்கச் சொன்னார். முதல் முறை ‘தோஹாவிலுள்ள தாலிபான் அரசியல் அலுவலகத்தின் தலைவர்’. கூடவே, சந்திப்பு தாலிபான் கேட்டுக்கொண்டதால் நடந்தது என்ற குறிப்பு. இரண்டாம் முறை ‘பொறுப்பு’ என்ற அடைமொழியுடன் ஆப்கன் வெளியுறவு அமைச்சர். மூன்றாம் முறை அந்த அடைமொழியும் இல்லை. நான்கு ஆண்டுகளில் ஓர் இயக்கத்தின் அலுவலகப் பொறுப்பாளர் என்ற நிலையிலிருந்து ஒரு நாட்டின் அமைச்சர் என்ற நிலைக்கு அவர்கள் காகிதத்தில் ஏறி வந்திருக்கிறார்கள். ஆயினும் ‘இஸ்லாமிய அமீரகம்’ என்று அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை இந்தியா எங்கும் பயன்படுத்தவில்லை. எல்லா இடத்திலும் ‘ஆப்கானிஸ்தான்’ மட்டுமே.

இந்த இடத்தில்தான் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஆசிரியர் அதைக் கவனித்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. இடைக்கால அமைச்சரையும் ‘பொறுப்பு அமைச்சர்’ என்கிறோம். தூதர் நியமிக்கப்படாத தூதரகத்துக்குத் தலைமை வகிப்பவரையும் ‘பொறுப்புத் தூதர்’ என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. எங்கள் குறிப்பேடு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்ததால் பாதிப் பேர் முதல் தேர்வில் குழம்பி எழுதியிருந்தோம். அவர் சொன்ன விளக்கம் இது: 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, தூதர் என்பவர் ஒரு நாட்டின் தலைவரிடமிருந்து இன்னொரு நாட்டின் தலைவருக்கு நியமனப் பத்திரம் கொண்டு போகிறவர். பொறுப்புத் தூதரோ, வெளியுறவு அமைச்சரிடமிருந்து வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் கொண்டு போகிறவர். ஆகவே தூதரை அனுப்பினால் நம் குடியரசுத் தலைவரின் பத்திரத்தைத் தாலிபானின் தலைமை கையில் வாங்க வேண்டும்; பொறுப்புத் தூதரை அனுப்பினால் அந்தக் காட்சியே நடக்காது. 2025 அக்டோபர் 10 அன்று 2022 முதல் காபூலில் இருந்த தன் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்துவதாக இந்தியா அறிவித்து, 21ஆம் தேதி அதை நடைமுறைப்படுத்தியபோதும், தலைமைக்குத் தூதர் என்றில்லாமல் பொறுப்புத் தூதர் என்று வைத்ததன் பொருள் இதுதான். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை உயர்ந்தது. அங்கீகாரம் என்ற முத்திரை மேசை இழுப்பறைக்குள்ளேயே இருக்கிறது.

பின்வரிசையிலிருந்து அரூர்ப் பையன் ஒருவர், “அப்படியென்றால் பொறுப்புத் தூதர் போடுகிற கையெழுத்து செல்லுமா, சார்?” என்று கேட்டார். “நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பொறுப்பு வட்டாட்சியர் போடும் கையெழுத்து செல்லாதா, தம்பி? சாதிச் சான்றிதழ் வாங்கினாயே, யார் போட்டது?” என்று அவர் திருப்பிக் கேட்டதும் அறை முழுவதும் சிரிப்பு. வேலை நடக்கும், விசா கொடுக்கப்படும், உதவிப் பொருள் இறங்கும். ஆனால் அந்த நாற்காலியில் நிரந்தரமாக ஒருவரை அமர்த்தியதாக எவரும் சொல்ல முடியாது. தேர்வில் இதை அப்படியே எழுத முடியாது என்றாலும், இந்த வேறுபாடு இனி எனக்கு மறக்காது.

மற்ற நாடுகளின் படிகளையும் அதன் பக்கத்திலேயே வரிசையாக எழுதினார். சீனா 2024 ஜனவரி 30 அன்று தாலிபான் அனுப்பிய தூதரின் நியமனப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் அங்கீகாரம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ரஷ்யா 2025 ஜூலை 3 அன்று அந்தச் சொல்லையே சொல்லிவிட்டது. அவ்வாறு சொன்ன முதல் நாடு அது. இந்தியா இவ்விரண்டுக்கும் கீழ்ப்படியில் நிற்கிறது. தில்லியிலும் மும்பையிலும் நடந்தது இதன் மறுபக்கம்: தாலிபானுக்கு முன்பிருந்த பழைய ஆப்கன் குடியரசு நியமித்த அலுவலர்கள் 2023 நவம்பரில் தில்லித் தூதரகத்தை மூடிவிட்டதாக அறிவித்தார்கள், 2024 நவம்பரில் மும்பைத் துணைத் தூதரகத்துக்குத் தாலிபான் தன் ஆளை நியமித்தது, இந்தியா ஆரவாரமில்லாமல் அதற்கு இடம் கொடுத்தது. கொடியைக் கவனியுங்கள் என்றார். தில்லித் தூதரகக் கட்டடத்தின் மேல் பழைய குடியரசின் மூவண்ணக் கொடி பறக்க, உள்ளே முத்தாகி செய்தியாளர்களைச் சந்தித்த மேசையில் தாலிபானின் சிறிய வெள்ளைக் கொடி வைக்கப்பட்டிருந்தது. ஒரே கட்டடத்தில் கூரைக்கு ஓர் அரசு, மேசைக்கு ஓர் அரசு.

இந்தியாவின் நடத்தையைச் சுருக்கமாகச் சொல்ல அவர் கையாண்ட உவமை எங்கள் ஊர்ப் பக்கத்தது. பேச்சு வார்த்தை அறுந்துபோன பங்காளி வீட்டுக்கு நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகாமல் இருப்பதில்லை அல்லவா? 2022 ஜூன் 22 அன்று பக்திகா பகுதியில் நிலநடுக்கம். மறுநாள் நிவாரணப் பொருளோடு இந்தியத் தொழில்நுட்பக் குழு காபூலில் இறங்கியது. பத்து மாதம் பூட்டிக் கிடந்த தூதரகத்துக்குள் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் விளக்கேற்றினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் 50,000 டன் கோதுமை அனுப்பும் திட்டத்தின் முதல் லாரிகள் பஞ்சாபின் அட்டாரி எல்லை வழியாக, பாகிஸ்தானைக் கடந்து போயின. 2025 ஆகஸ்ட் 31 இரவு குனார் பகுதி குலுங்கியபோது 1,000 குடும்பக் கூடாரங்கள். உவமை அருமையானதுதான், ஆனால் அதை ஒரு கட்டத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. கெட்டதுக்குப் போய் நிற்கிறவர் வாசலிலேயே நிலப் பத்திரம் பற்றிப் பேசினால் ஊர் என்ன சொல்லும்? உதவியோடு கூடவே பாதுகாப்பு, துறைமுகம், வணிகம் எல்லாம் பேசப்பட்டன. 2025 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி துபாயில் முத்தாகியைச் சந்தித்தபோது ஈரானிலுள்ள சாபஹார் துறைமுகமும் பேச்சில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் ‘கெட்டதுக்குப் போவது’ என்ற சொல் அதை மறைக்கிறது.

ஏன் பேச வேண்டும் என்பதற்கான காரணங்களை அவர் அடுக்கிய முறையில் ஒழுங்கு இருந்தது. முதலில் பாதுகாப்பு: ஆப்கன் மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்தவிடக் கூடாது என்பது தோஹாவில் வைத்த முதல் கோரிக்கை, முத்தாகி தில்லி வந்தபோது வெளியான அக்டோபர் கூட்டறிக்கை வரை மாறாமல் வருவதும் அது ஒன்றுதான். அடுத்து, 300 கோடி டாலருக்கு மேல் அங்கே இந்தியா போட்டிருக்கும் முதலீடு: ஹேராத்தில் சல்மா அணை, 218 கிலோமீட்டர் நீளமுள்ள சரஞ்ச்-தெலாராம் சாலை, 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடம். அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த மன்றமே இன்று இல்லை என்பதை அவர் ஒரு சிரிப்போடு கடந்து போனார். அணைக்கு மட்டும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை இழுத்தார்: அதை ஜப்பான் கடனில் கட்டினோம், நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது ஜப்பானில் இன்று யார் பிரதமர் என்று கேட்கிறோமா? ஹேராத் விவசாயிக்கும் அப்படித்தான் என்றார். எனக்கு இது முழுதும் பொருந்தவில்லை. ஜப்பானில் ஆட்சி மாறியதால் இங்கே யாருடைய பள்ளிக்கூடமும் மூடப்படவில்லை.

அங்கேதான் எனக்கும் வகுப்புக்கும் உரசல் வந்தது. மூன்றாம் வாரம் ‘விமரிசனங்கள்’ என்ற தலைப்பில் நடந்தது. பெண்கள் தொடர்பான செய்தி குறிப்பேட்டில் ஒன்றரை வரி. வகுப்பில் நான்கு நிமிடம். 2022 மார்ச் 23 அன்று, பள்ளி திறக்கிறது என்று நம்பி வந்த மாணவிகளைத் திருப்பி அனுப்பியது, அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகங்களையும் அவர்களுக்கு மூடியது, 2025 ஜூலை 8 அன்று பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபானின் உச்சத் தலைவர் ஹைபதுல்லா அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதிக்கும் பிடியாணை பிறப்பித்தது ஆகிய எதுவும் அதில் இல்லை. அக்டோபர் 10 அன்று தில்லியில் நடந்த முத்தாகியின் செய்தியாளர் சந்திப்புக்குப் பெண் செய்தியாளர்கள் அழைக்கப்படாததும், அதில் தனக்குப் பங்கில்லை என்று இந்திய வெளியுறவுத் துறை சொன்னதும், எதிர்ப்பு கிளம்பிய பிறகு 12ஆம் தேதி நடந்த இரண்டாம் சந்திப்பில் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்ததும் ‘சலசலப்பு’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிட்டன. நாற்பது பேர் அமர்ந்திருந்த அந்த அறையில் பதினேழு பேர் பெண்கள். படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொடுக்கும் பேச்சைத் தாண்டித்தான் எங்களில் பலர் அந்த மாடிப்படி ஏறியிருக்கிறோம். இதைச் சலசலப்பு என்று கடந்து போக எங்களால் முடியாது.

நான் எழுந்து, “சார், இதையெல்லாம் விடையில் எந்த இடத்தில் எழுதுவது?” என்று கேட்டேன். “முடிவுரையில் ஒரு வரி போதும்மா. வெளியுறவு என்றால் அவர்கள் வீட்டு விவகாரத்தில் நாம் தலையிடுவதில்லை” என்றார். 2021 நவம்பர் 10 அன்று எட்டு நாடுகள் கூடி வெளியிட்ட தில்லிப் பிரகடனத்தில் பெண்கள், குழந்தைகள், சிறுபான்மையினரின் உரிமை மீறப்படக் கூடாது என்று இந்தியாவே சேர்ந்து எழுதியிருக்கிறதே என்று நான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, மணியைப் பார்த்தார். அன்று மிகுந்த மனவருத்தத்தோடுதான் பேருந்து ஏறினேன்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். நான்காம் வாரம் அவர் முதல் அரை மணி நேரத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்தார். ஐ.நா. பொதுச்சபையில் 2025 ஜூலை 7 அன்று ஆப்கானிஸ்தான் நிலைமை குறித்த தீர்மானத்துக்கு 116 நாடுகள் ஆதரவாகவும், அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிராகவும் வாக்களிக்க, ஒதுங்கிக்கொண்ட 12 நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்ற செய்தியைக் கொண்டு வந்தார். தண்டிப்பதை மட்டும் வைத்துக் கொள்கை வகுத்தால் பயன் விளையாது என்பது இந்தியா சொன்ன காரணம். “இதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று எழுதாத விடைக்கு நான் ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் போட மாட்டேன். போன வாரம் நான் அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டேன்” என்றார். மாணவர்கள் முன்னிலையில் இப்படிச் சொல்கிற ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆயினும், 2021 ஆகஸ்ட் இறுதியில் ஆப்கானியர்களுக்கு முன்பு வழங்கிய விசாக்களையெல்லாம் இந்தியா ஒரே அறிவிப்பில் செல்லாதவையாக்கியதும், இங்கே படித்துக்கொண்டிருந்து விடுமுறைக்கு ஊர் போன மாணவர்கள் பலர் திரும்ப முடியாமல் போனதும் கடைசி வரை வகுப்பில் பேசப்படவில்லை. எச்சரிக்கையான அணுகுமுறை என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த எச்சரிக்கையின் பாரம் யார் தோளில் இறங்கியது என்பதையும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

நான்காம் வாரத்தின் மற்றப் பகுதி வணிகம். தாலிபான் அரசின் வணிக அமைச்சர் நூருத்தீன் அஜீசி தில்லியில் இருந்த வாரம் அது. காபூலிலிருந்து தில்லிக்கும் அமிர்தசரஸுக்கும் சரக்கு விமான வழி பற்றிய அறிவிப்பு இரண்டு நாள் முன்புதான் வந்திருந்தது. ஆப்கன்-பாகிஸ்தான் அக்டோபர் மோதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் எல்லையை அடைத்ததால் காபூல் வேறு வழி தேடியது; நமக்கும் அட்டாரி எல்லை மூடியிருந்தது; ஆகவே வானமும் சாபஹாரும் மட்டுமே மிச்சம். இதை ஆசிரியர் வரைபடமில்லாமல் நடத்தியது பெரிய குறை. எங்களில் பலருக்குச் சாபஹார் எந்தக் கடலில் இருக்கிறது என்றே அன்றுதான், அதுவும் கைப்பேசியைப் பார்த்துத்தான், தெரிந்தது. ஒரு சுவர் வரைபடம் என்ன விலை இருக்கப் போகிறது?

குறிப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். முதல் 30 பக்கம் ஆசிரியரே எழுதியது. நல்ல தமிழ், தேதிகள் சரி. பின்னால் சேர்த்திருக்கும் ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பு வேறு யாரோ அவசரத்தில் தட்டச்சு செய்தது. பக்கம் 31-இல், ‘2025 அக்டோபரில் இந்தியா தாலிபான் அரசை அங்கீகரித்தது’ என்பது சரியான விடையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் வாரம் மூன்று மணி நேரம் கேட்ட பாடம் முழுவதையும் இந்த ஒரு வரி கவிழ்த்துவிடுகிறது. பக்கம் 34-இல் முதல் தாலிபான் ஆட்சியை அங்கீகரித்த நாடுகளில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் பதில் ஈரான் இருக்கிறது. 1998இல் மசார்-இ-ஷரீபில் தன் தூதரக அலுவலர்கள் கொல்லப்பட்டதும் எல்லையில் படை குவித்த நாடு ஈரான். அதை அந்தப் பட்டியலில் சேர்ப்பது சிறு பிழை அல்ல. நிலையத்தாரிடம் சொன்னபோது முதலில் ‘அச்சுப் பிழை’ என்றார்கள். ஒரு நாட்டின் பெயர் இன்னொரு நாட்டின் பெயராக மாறுவது எந்த வகை அச்சுப் பிழை என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு திருத்தத் தாள் ஒன்று அடித்தார்கள்.

விடைத் திருத்தம் அதற்கு நேர்மாறானது. நான்கு விடைகளும் அடுத்த ஞாயிறே திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் குறைந்தது பத்து இடத்தில் குறிப்பு. என் முதல் விடைக்கு 15-க்கு நாலரை. ‘இந்தியாவும் தாலிபானும் நட்புறவைப் புதுப்பித்துள்ளன’ என்று நான் எழுதியிருந்ததில் ‘நட்புறவை’ என்பதை அடித்துவிட்டுத் ‘தொடர்பை’ என்று போட்டிருந்தார். ‘புதுப்பித்துள்ளன’ என்பதற்குக் கீழே, ‘எப்போது இருந்தது?’ என்று ஒரு கேள்வி. ‘ஜம்மு காஷ்மீர்’ பற்றிய கூட்டறிக்கை வரியை நான் எழுதாமல் விட்டதற்கு அரை மதிப்பெண் போயிற்று: பஹல்காமைக் குறிப்பிடும்போது ‘ஜம்மு காஷ்மீர், இந்தியா’ என்று எழுத முத்தாகி தரப்பு ஒப்புக்கொண்டது, அதற்காக ஆப்கன் தூதரை அழைத்துப் பாகிஸ்தான் எதிர்ப்புத் தெரிவித்தது, அவ்வளவு விலையுள்ள ஒரு சொல்லை விட்டுவிட்டாயே என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கடைசி விடைக்கு எட்டு வந்தது. பெண் கல்வியை முடிவுரையில் வைக்காமல் இரண்டாம் பத்தியில் வைத்திருந்தேன். அதற்கு எந்தக் குறிப்பும் இல்லை, ஒரு சரிக்குறி மட்டும்.

இடத்தைப் பற்றி: இரண்டாம் மாடி, தகரக் கூரை, நான்கு மின்விசிறிகளில் மூன்று ஓடுகின்றன. ஒலிபெருக்கி வேண்டாம், ஆசிரியரின் குரல் கடைசி வரிசை வரை கேட்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. சாவியை அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டியிருப்பது சங்கடம். தேநீர் இடைவேளை பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் இருபத்தைந்தாகிறது.

அடுத்த வகுப்பு மியான்மர் இராணுவ ஆட்சியும் இந்தியாவும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதே ஆசிரியர், அதே கட்டணம். நான் சேரப் போகிறேன். தாலிபான் வகுப்பின் குறிப்பேட்டை மட்டும் தனியாக 150 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் பக்கம் 31-க்கும் 34-க்குமான திருத்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காதவர்களுக்குத் தருவதில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போகிறவர்கள் படிக்கட்டுக்கு அருகில் உட்காருவது நல்லது. 6 மணி என்பது அட்டவணையில் மட்டுமே. ஆசிரியர் ஒரு நாளும் 6.40-க்கு முன் முடித்ததில்லை.